பீரோவில் கிடக்கும் காது மெஷின்

காது மெஷின் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் நாள் ஆளை அதிகம் படுத்துவது எவர்சில்வர் தட்டு. கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்க்கும் சத்தம் மண்டைக்குள் குத்துகிறது. அடுத்து மின்விசிறியின் இரைச்சல், குக்கர் விசில், சொந்தச் செருப்பு தரையில் தேயும் ஓசை, முகம் துடைக்கும் துண்டு காதருகே உரசும் ஓசை. பேச்சைக் கேட்க வேண்டுமென்று வாங்கிய சாமான், பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டுகிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, "தலவலி வருது, எனக்கு இது ஒத்துக்கல" என்று கழற்றி, பீரோவில் பத்திரக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். வாங்கிக் கொடுத்த மகனுக்கு வருத்தம். கழற்றியவருக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் சிக்கல்.

அந்த முதல் வார எரிச்சல், கருவி வேலை செய்யாததன் அடையாளம் இல்லை. பெரும்பாலும் அது வேலை செய்வதன் அடையாளம். இதை யாரும் முன்கூட்டியே சொல்லி அனுப்பாததால்தான் இவ்வளவு மெஷின்கள் பீரோவுக்குப் போகின்றன. கண்ணாடி வாங்கினால் கடை வாசலிலேயே எழுத்து தெளிந்துவிடுகிறது. காதும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். வெள்ளெழுத்தில் கெடுவது கண்ணின் குவியம் மட்டுமே. பார்வையை உணரும் திரை நன்றாகத்தான் இருக்கிறது. காதில் கெட்டிருப்பது உணரும் உறுப்பே.

அந்த உறுப்பு எப்படிக் கெடுகிறது என்று பார்க்க ஓர் ஊருக்குப் போவோம். ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் இருக்கிறது திமிரி. ஒரு பக்கம் ராணிப்பேட்டையின் தோல், இன்னொரு பக்கம் ஆரணியின் பட்டு. நடுவில் நெல்லும் கடலையும். 2019-ல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தபோது இந்தப் பகுதி ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. மாவட்டம் மாறினாலும் பிழைப்பு மாறவில்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரத்தில் டேனரி வேலைக்கும் ஷூ கம்பெனி வேலைக்கும் சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து போய் வருகிறவர்கள் ஏராளம். அப்படி முப்பது வருடம் டேனரியில் மெஷின் முன்னால் நின்று, இப்போது வீட்டோடு இருக்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பிள்ளைகள் அவரை நைனா என்று கூப்பிடுகிறார்கள், அது போதும்.

நைனாவின் உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு எலும்புக் குழாய் இருக்கிறது. காக்ளியா என்பார்கள். நீட்டிப் பிடித்தால் மூன்றரை சென்டிமீட்டர் வரும். அதற்குள் மயிர்ச்செல்கள், நுனியில் நுண்மயிர்களோடு, வரிசை வரிசையாக நிற்கின்றன. உள்வரிசையில் சுமார் 3,500. வெளிவரிசைகளில் சுமார் 12,000. ஒலியை மூளைக்குச் சேதியாக அனுப்புவது உள்வரிசை. வெளிவரிசை செய்வது வேறு வேலை. மெல்லிய ஒலி வரும்போது தானும் சேர்ந்து அசைந்து அதைப் பெருக்கிக் கொடுக்கிறது. அடுத்தடுத்த சுருதிகளைக் கலக்காமல் பிரித்தும் தருகிறது. மனிதர் பிறக்கும்போதே கூடப் பிறந்த ஒலிபெருக்கி அது.

இரைச்சலில் முதலில் சாவது இந்த வெளிவரிசைதான். செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கிறது! 1988-ல் கோழிக்குஞ்சிலும் காடையிலும் கெட்டுப்போன மயிர்ச்செல்களுக்குப் பதில் புதியவை வளர்வதைக் கண்டு அறிவியல் உலகம் வியந்தது. நாம் வறுத்துத் தின்னும் காடைக்கு இருக்கும் வசதி நமக்கு இல்லை. பாலூட்டிகளிலும் அதை வரவழைக்க முடியுமா என்று அன்றிலிருந்து முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

இரைச்சல் எந்த அளவைத் தாண்டினால் கேடு? நாள்தோறும் 8 மணி நேரம் என்றால் 85 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலகில் பலரும் ஏற்கும் கணக்கு. நம் தொழிற்சாலை விதிகளில் 90 வரை விட்டிருக்கிறார்கள். ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் டெசிபல் கணக்கில் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 5 என்றால் மூன்று மடங்குக்கும் மேல். பச்சைத் தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டும் ஃப்ளெஷிங் மெஷின், காய்ந்த தோலைக் குத்திக் குத்தி மிருதுவாக்கும் ஸ்டேக்கிங் மெஷின், பஃபிங், ஷூ கம்பெனியில் ஓயாமல் அடிக்கும் கிளிக்கிங் பிரஸ் ஆகியவற்றின் பக்கத்தில் 85-ஐத் தாண்டுவது சாதாரணம். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. தோல் ஃபினிஷிங்கிலும் ஷூ ஒட்டும் பசையிலும் பயன்படும் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் உட்காதைத் தாக்கக்கூடியவை. இரைச்சலும் கரைப்பானும் ஒன்றாகச் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிடக் கேடு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

1886-ல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர், கப்பலுக்குக் கொதிகலன் அடிக்கும் நூறு தொழிலாளர்களைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது பழுதில்லாமல் இல்லை. அதாவது இது புதுச் செய்தி அல்ல. இரைச்சலால் வரும் செவிக்குறைவு நம் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய தொழில் நோயாக இடம்பெற்றது. ஆனாலும் பாலாற்றுக்குத் தோல் கழிவு செய்த கேடு 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. தொழிலாளியின் காது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கெட்ட ஆறு நுரை தள்ளிக் காட்டிக்கொடுக்கும். கெட்ட காது, "இன்னா சொன்ன?" என்று இன்னொரு முறை கேட்பதோடு சரி.

இரைச்சலில் கெட்ட காதுக்கு ஒரு தனி முத்திரை உண்டு. காதின் வெளிக்குழாய் இயல்பாகவே 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைக் கூட்டி உள்ளே அனுப்புகிறது. அதனால் அதற்குச் சற்று மேலே, 4,000 ஹெர்ட்ஸ் அருகில்தான் முதல் அடி விழுகிறது. எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று வரைந்து காட்டும் ஆடியோகிராமில் அந்த இடத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருக்கும். வயதாக ஆக மேல்சுருதிகள் எல்லாமே சரிந்து, அந்தப் பள்ளத்தோடு சேர்ந்துகொள்ளும். கீழ்ச்சுருதிகள் ஏறக்குறைய நன்றாகவே இருக்கும்.

இங்கேதான் வீட்டுச் சண்டை ஆரம்பிக்கிறது. பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் கீழ்ச்சுருதியில். க, ச, ட, த, ப ஆகிய வல்லினங்களின் அடையாளம் மேல்சுருதியில், அதுவும் நொடியில் சிறு துளி நேரம், மெலிவாக வந்து போவது. சட்டி, தட்டி, பட்டி, கட்டி நான்கையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தை எடுத்துவிட்டால் நான்கும் ஒன்றுதான். பத்து என்றாரா, பட்டு என்றாரா? ஆரணிப் பக்கத்தில் இரண்டுமே வியாபாரப் பேச்சில் வரக்கூடியவை. நைனாவுக்கு ஓசை வந்து சேருகிறது, சொல் வருவதில்லை. "கேக்குது, ஆனா புரியல" என்று அவர் சொல்வது சாக்கு அல்ல. காக்ளியாவில் நடப்பதை அப்படியே சொல்கிறார். பேரன் குரலைவிடப் பேத்தி குரல் புரியாமல் போவதும், ஆண் டாக்டர் சொன்னது விளங்கி நர்சம்மா சொன்னது விளங்காமல் போவதும் இதனால்தான். "வேண்டியது மட்டும் கேக்கும் அவருக்கு" என்று வீட்டில் ஒரு பழி விழும். அந்தப் பழியைச் சுமந்த கிழவர்கள் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருப்பார்கள்.

இன்னொரு பழியும் உண்டு. மெதுவாகச் சொன்னால் கேட்காது. சத்தம் போட்டுச் சொன்னால், "ஏன் இப்டி கத்தற? நான் இன்னா செவிடா?" என்று கோபம் வரும். இதிலும் நைனா மேல் குற்றமில்லை. வெளிவரிசைச் செல்கள் பெருக்கிக் கொடுப்பது மெல்லிய ஒலியைத்தான். பெரிய சத்தத்துக்கு அவற்றின் உதவி தேவையில்லை. எனவே அவை செத்த காதில் மெல்லியது மறைந்துவிடும், பெரியது பழைய அளவிலேயே கேட்கும். கேட்க ஆரம்பிக்கும் இடத்துக்கும் வலிக்க ஆரம்பிக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள வெளி சுருங்கிவிடுகிறது.

அந்தக் காலத்துக் கருவிகள் எல்லா ஒலியையும் ஒரே மாதிரி ஏற்றிக்கொடுத்தன. டிரான்சிஸ்டர் 1950-களின் தொடக்கத்தில் முதன்முதலாக வணிகப் பொருளாக வந்ததே காதொலிக் கருவியில்தான். அதற்கு முன் சட்டைப்பையில் பெட்டியும் கனத்த பேட்டரியும் சுமந்தார்கள். இன்றைய டிஜிட்டல் கருவி செய்வது நுட்பமான வேலை. வரும் ஒலியைச் சுருதி வாரியாகப் பிரித்து, மெல்லியதை நிறைய ஏற்றி, நடுத்தரத்தைக் கொஞ்சம் ஏற்றி, பெரியதை ஏறக்குறைய அப்படியே விட்டு, நைனாவின் சுருங்கிய வெளிக்குள் உலகத்தை அடக்கிக் கொடுக்கப் பார்க்கிறது. எந்தச் சுருதியில் எவ்வளவு என்பதை ஆடியோகிராமை வைத்து ஒரு சூத்திரம் கணக்கிடுகிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் வகுத்த சூத்திரம் உலகெங்கும் புழங்குகிறது. ஆனால் சூத்திரம் சராசரிக் காதுக்கானது. நைனாவுக்கு வாய்த்திருப்பது அவருடைய காது. அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யத்தான் திரும்பத் திரும்பப் போய் டியூன் செய்ய வேண்டியிருக்கிறது.

இனி மூளைக்கு வருவோம். நைனாவின் காது ஒரே நாளில் கெடவில்லை. பத்துப் பதினைந்து வருடமாக மேல்சுருதிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. அந்த அமைதிக்கு மூளை பழகிவிட்டது. மின்விசிறிக்கு ஓசை உண்டு என்பதே மறந்துவிட்டது. காது நன்றாக இருப்பவருக்கும் மின்விசிறி ஓசை காதில் விழுகிறது. ஆனால் மூளை அதைத் தேவையில்லாதது என்று ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கும் அந்தப் பழக்கம் நைனாவுக்கு விட்டுப்போயிற்று. திடீரென்று ஒரு நாள் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தால், எது முக்கியம், எது குப்பை என்று மூளைக்குத் தெரியாது. எல்லாமே முக்கியமாகப் படும். தட்டுச் சத்தம் குத்துவது அதனால்.

அதே கிளாஸ்கோவில், பார் சோதித்து நூறு வருடம் கழித்து, ஸ்டூவர்ட் கேட்ஹவுஸ் என்ற ஆய்வாளர் புதிதாகக் கருவி மாட்டியவர்களைத் தொடர்ந்து சோதித்தார். 1992-ல் அவர் வெளியிட்ட முடிவு: மாட்டிய அன்று கிடைத்த பயனைவிட, 6 முதல் 12 வாரங்களில் கிடைத்த பயன் கூடுதல். கருவி மாறவில்லை, கேட்பவர் மாறியிருந்தார். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் சொற்களைப் புரிந்துகொள்வதில் அதே அளவு முன்னேற்றத்தைக் காணவில்லை. இதில் இன்னும் வாதம் இருக்கிறது. ஆனால் ஓசைகளின் உறுத்தல் நாளடைவில் குறைகிறது என்பது காதொலிக் கருவி பொருத்துகிறவர்களின் அன்றாட அனுபவம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் அனு சர்மாவும் அவருடைய குழுவினரும் 2020-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். லேசான, நடுத்தரச் செவிக்குறைவு உள்ளவர்களின் மூளையில், கேட்கும் பகுதியின் ஒரு பங்கைப் பார்வை எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. ஆறு மாதம் கருவி அணிந்த பின் அது பழைய நிலையை நோக்கித் திரும்பியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் மூன்று நாளில் கழற்றி வைப்பது எவ்வளவு அவசரம் என்று தெரிகிறது.

எனவே எப்படிப் பழகுவது? முதல் நாளே ஆற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் போகக்கூடாது. ஏர் ஹாரன் அடிக்கும் இடத்தில் போய் நின்றால், அன்றைக்கே மெஷினுக்கு முடிவு. வீட்டில், டிவி இல்லாமல், ஒருவரோடு ஒருவர் முகம் பார்த்துப் பேசும்போது ஒரு மணி நேரம் போட்டால் போதும். பிறகு நேரத்தைக் கூட்டலாம். கேட்கும் ஓசைகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைப்பது நல்ல பயிற்சி. இது குழாய் சொட்டுவது, இது பல்லி, இது பக்கத்து வீட்டு மிக்ஸி. பெயர் தெரிந்த ஓசையை மூளை சீக்கிரம் ஒதுக்கிவிடும். தினத்தாளைச் சத்தமாகப் படிப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் முதல் வாரத்தில் விசித்திரமாகக் கேட்பது சொந்தக் குரல்தான். காதுக்கு அச்செடுத்துச் செய்த மோல்டு காதை அடைத்துக்கொண்டிருப்பதால், தாடை எலும்பு வழியாகக் காதுக்குள் வரும் நம் குரல் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே முழங்குகிறது. பீப்பாய்க்குள் பேசுவது மாதிரி இருக்கிறது என்பார்கள். மோல்டில் சிறு துளை போட்டோ, காற்றுவிடும் மெத்தென்ற நுனியான டோமை மாட்டியோ இதைக் குறைக்க முடியும். சகித்துக்கொள்ள வேண்டியதில்லை, போய்ச் சொன்னால் போதும்.

எல்லாம் பழகினாலும் ஒன்று முழுசாகச் சரியாகாது. டீக்கடையில், கல்யாண மண்டபத்தில், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் பேச்சு பிடிபடுவது. அருகருகே உள்ள சுருதிகளைப் பிரித்துத் தரும் செல்களே போய்விட்டதால், பேச்சும் இரைச்சலும் ஒன்றாகக் குழைந்துதான் உள்ளே வரும். சில இடங்களில் உள்வரிசைச் செல்லும் செத்திருக்கும். அங்கே எவ்வளவு ஏற்றிக் கொடுத்தாலும் பயனில்லை. முன்னால் பேசுவதை மட்டும் வாங்கும் இரட்டை மைக்ரோஃபோன் கருவிகள் இருக்கின்றன. விலையும் ஏறும். அவை தரும் ஆதாயம் பொதுவாக 3 முதல் 5 டெசிபல். இன்னொரு கணக்கைப் பாருங்கள். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால், திறந்த வெளியில் பேச்சு 6 டெசிபல் கூடுகிறது. எதிரொலிக்கும் அறைக்குள் அவ்வளவு இராது. ஆனாலும் காசு செலவில்லாத ஆதாயம்.

வீட்டாருக்கு வேலை இங்கேதான். அடுப்படியிலிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, மிக்ஸி ஓடும்போது, "நைனா, சாப்ட்டியா?" என்று கத்தினால் எந்தக் கம்பெனி மெஷினாலும் ஒன்றும் ஆகாது. வெளியே வந்து, முகம் தெரிகிற மாதிரி நின்று, முதலில் "நைனா" என்று கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு விஷயத்தைச் சொல்லவேண்டும். கத்த வேண்டாம். கத்தும்போது கூடுவது உயிரெழுத்துதான், அவருக்கு வேண்டிய வல்லினம் அதனடியில் புதைந்துபோகிறது. புரியவில்லை என்றால் அதே வார்த்தையை மூன்று முறை சொல்வதைவிட வேறு வார்த்தையில் சொல்லலாம். "ஒண்ணுமில்ல, விடு" என்று சொல்லாமலிருந்தால் அதுவே பாதி வைத்தியம். மண்டபத்தில் நாதஸ்வரக் கோஷ்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பெரியவர் யாரோடும் பேசவில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை. சுவரை முதுகுக்கு வைத்து மூலையில் உட்கார்ந்தால் பின்னாலிருந்து வரும் இரைச்சலாவது குறையும்.

சில்லறை விஷயங்களும் உண்டு. அவைதான் கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. வேலூர் வட்டார வெயிலில் காதுக்குப் பின்னால் வியர்வை ஆறாக ஓடும், மெஷினின் மைக்ரோஃபோன் இருக்கும் இடமும் அதுதான். இரவில் கழற்றியதும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது கழற்றிவிட வேண்டும். எண்ணெய் மைக்ரோஃபோன் துளையை அடைத்துவிடும். காதுக்குள் காய்ச்சிய எண்ணெய் ஊற்றும் பாட்டி வைத்தியத்துக்கு இனி விடுமுறை. குறும்பி மோல்டின் குழாயை அடைத்தால் மெஷின் செத்துவிட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓடுகிறார்கள். பல நேரம் சின்ன பிரஷ்ஷால் சுத்தம் செய்தாலே போதும். ஊக்கு வேண்டாம். முண்டாசு கட்டினால் மைக்ரோஃபோன் மூடிக்கொள்ளும். ஹெல்மெட் இறுகினால் வெளியே கசியும் ஒலி திரும்ப மைக்ரோஃபோனுக்குள் போய் மெஷின் கீச்சிடும். பெண்களுக்கு மாட்டலும் மெஷினும் ஒரே காதில் இடத்துக்குச் சண்டை போடும். போன் பேசும்போது ரிசீவரைக் காதுத் துளையில் வைக்கக்கூடாது, சற்று மேலே, மெஷினின் மைக்ரோஃபோன் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தராததால், "மெஷின் போட்டா போன் கேக்கல" என்று போன் வரும்போதெல்லாம் கழற்றுகிறவர்கள் உண்டு.

பேட்டரி துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்வது. ஸ்டிக்கரைப் பிய்த்ததும் துளை வழியாகக் காற்று உள்ளே போக ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, பிறகு மூடினால் நன்றாக உழைக்கும். ஆரஞ்சு ஸ்டிக்கர் 13-ஆம் எண், காப்பி நிறம் 312, நீலம் 675. எண் மறந்தாலும் நிறம் மறக்காது. தீர்ந்த பேட்டரியைப் பேரப்பிள்ளை கைக்கு எட்டாமல் போட வேண்டும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வட ஆற்காட்டுக்காரருக்கு மட்டும் ஒரு விசேஷச் சிக்கல். வெயில் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு மெஷினோடு போனால் முகவீணை இழுக்கும் இடத்தில் ஓசை நடுங்கி, இரட்டையாகி, கரகரக்கும். கலைஞர் மேல் தப்பில்லை. கீச்சுச் சத்தத்தை அடக்குவதற்காக மெஷினுக்குள் ஒரு நிரல் எப்போதும் காவல் இருக்கிறது. நீண்டு ஒலிக்கும் உச்சசுருதி எதுவானாலும் தன்னுடைய கீச்சு என்று நினைத்து அதை அழிக்கப் பார்க்கும். முகவீணையும் அதன் கண்ணுக்குக் கீச்சுதான். காதைச் சோதித்துக் கருவி பொருத்தும் ஆடியாலஜிஸ்ட்டிடம் சொன்னால் பாட்டுக்கென்று தனி நிரல் ஒன்றை ஏற்றித் தருவார், அதில் இந்தக் காவலைத் தளர்த்தியிருப்பார்கள்.

சொன்னால்தானே? அதற்குப் போகவேண்டுமே. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை காதுக்குப் பின்னால் மாட்டும் காதொலிக் கருவியை இலவசமாகத் தருகிறது. மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டம் 1981 முதல் இருக்கிறது. வறிய முதியவர்களுக்காக 2017-ல் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா வந்தது. இவை நல்ல காரியங்கள். ஆனால் முகாமில் பந்தல் போட்டு, பெயர் வாசித்து, டப்பாவைக் கையில் கொடுத்துப் படம் எடுத்ததோடு முடிந்தால், பழக்கும் வேலை நிற்கிறது. கருவிக்கு ஆகும் செலவில் சிறு பங்கு, இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வந்து டியூன் செய்துகொள்ள ஒதுக்கப்பட்டால், பாதி பீரோக்கள் காலியாகும் என்பது என் எண்ணம். சட்டத்திலும் ஒரு இடைவெளி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சுக்கு வேண்டிய சுருதிகளில் இரு காதிலும் 60 டெசிபல் குறைந்தால்தான் கேள்வித்திறன் குறைந்தவர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 35-லேயே நடுத்தரக் குறைபாடு தொடங்கிவிடுகிறது. நைனா போல மேல்சுருதி மட்டும் கெட்டவர் சராசரியில் 60-ஐ எட்டவே மாட்டார். டீக்கடையில் பாதிப் பேச்சை இழந்தாலும் சான்றிதழ் கிடைக்காது. வறிய முதியவர்களுக்கான திட்டத்துக்குள்ளும் வராவிட்டால், அவர் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

கடைக்காரர்கள் இப்போது இன்னொரு பயத்தையும் சேர்த்து விற்கிறார்கள். மெஷின் போடாவிட்டால் மறதி நோய் வரும் என்று. 2023-ல் அமெரிக்காவில் 977 முதியவர்களை மூன்று ஆண்டு தொடர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் கருவியால் அறிவுத் தேய்வு குறையவில்லை. ஏற்கெனவே ஆபத்து கூடுதலாக இருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும் தேய்வின் வேகம் 48 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தரும் சேதிதான், பயமுறுத்தி விற்கும் அளவுக்கு உறுதியானதல்ல. பேத்தியோடு பேசுவதற்காக வாங்குங்கள், அந்தக் காரணமே போதும்.

வேலூர் சி.எம்.சி.யோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ, பக்கத்துத் தனியார் கிளினிக்கோ, எங்கே திரும்பப் போனாலும் "சரியா கேக்கல" என்று மட்டும் சொல்லக்கூடாது. அதை வைத்து ஆடியாலஜிஸ்ட்டால் எதையும் திருக முடியாது. பாத்திரச் சத்தம் குத்துகிறதா? பெரிய சத்தத்துக்கான மேல்சுருதி அளவைக் குறைப்பார். மின்விசிறி மட்டும் இரைகிறதா? மிக மெல்லிய ஓசைகளுக்குக் கொடுத்த ஏற்றத்தை இறக்குவார். கீச்சிடுகிறதா? மோல்டு தளர்ந்திருக்கும், புதிதாக அச்செடுப்பார். வாரத்தில் எது எங்கே படுத்தியது என்று பேத்தியை விட்டு ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிப் போனால், அரை மணியில் வேலை முடியும்.

பொய் சொல்லியும் பயனில்லை. "ராத்திரி தூங்கறப்ப தவிர கழட்டறதே இல்லீங்க" என்று நைனா அடித்துச் சொல்வார். பல டிஜிட்டல் கருவிகள் தினமும் எத்தனை மணி நேரம் ஓடின என்று தமக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் மாட்டினால் நாளுக்கு நாற்பது நிமிடம் என்று காட்டிவிடும். நல்ல ஆடியாலஜிஸ்ட் அதைப் பார்த்துக் கோபிக்க மாட்டார். அந்த நாற்பது நிமிடம் எந்த நேரம், யாரோடு பேசும்போது என்று கேட்டு, அங்கிருந்து ஆரம்பிப்பார்.